எழுதித் தர மாட்டேன்

பொம்மசந்திரா,
4 மே 2025

அன்புத் தம்பி கிறிஸ்டோபருக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். கோபத்தைத் தவிர நலம்தான். போனில் உன்னோடு நாலு வார்த்தை பேசுவதற்குள் லைன் அறுந்துபோகிறது. உன்னை முழுசாகத் திட்ட வேண்டுமென்றால் கடிதம்தான் வழி.

உன் பெண்டாட்டி வீணா எல்லாம் சொன்னாள். விசா முடிந்தும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டாய் என்று பிடித்து அடைத்தவர்கள், இப்போது நீயாகவே கிளம்பிவிட்டால் நாடுகடத்த மாட்டோம் என்கிறார்களாம். வக்கீலும் தலையாட்டச் சொல்கிறாராம். ஆட்டாதே. உனக்கு விசா எடுத்துத் தந்த கம்பெனி திடீரென்று மூடிக்கொண்டது உன் குற்றமா? மூன்று வயதுக் குழந்தையையும் அவளையும் அங்கே விட்டுவிட்டு, நானாகத்தான் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வாய்?

இங்கேயும் அதே கதைதான். எங்கள் கார்மெண்ட்ஸில் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பெண்களெல்லாம் ஹோசூர் ரோட்டில் வண்டிக்கு அல்லாடுகிறோம் என்று நான் கேட்கப் போனேன். மறுநாளே எச்.ஆர். ஸ்ரீஹர்ஷா ரூமுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, "நீங்களே ரிசைன் பண்ணிடுங்கக்கா, ரிலீவிங் லெட்டர் நீட்டா தர்றோம். நாங்க வேலைய விட்டு எடுத்தா வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க" என்றான். இந்த ஊர்க் கம்பெனிகளில் இதுதான் வழக்கம். கழுத்தைப் பிடித்துத் தள்ள மாட்டார்கள், கையில் பேனாவைக் கொடுப்பார்கள். "துரத்தறதுன்னா நீங்களே துரத்துங்க சார். என் கையால எழுதித் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

நீ என் கூடப் பிறந்தவன்தானே. நீயும் தராதே.

உனக்காக தினமும் மாதாவிடம் சண்டை போடும்,
அக்கா பிரிஜெட்


தடுப்பு முகாம், டெக்சாஸ்,
29 மே 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. காபி விஷயத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், அடுத்த படுக்கைக்காரர் பயந்துவிட்டார். இங்கே வந்த பிறகு இப்போதுதான் சிரித்தேன்.

ஆனால் அக்கா, உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் கோர்ட்டில் சம்மதம் சொல்லிவிட்டேன்.

பொறுமையாகப் படி. வழக்கில் தோற்றால் நாடுகடத்தும் உத்தரவு வரும். அது பெயரில் விழுந்துவிட்டால் பத்து வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. என் ஸ்வர்ணாவுக்குப் பதிமூன்று வயதாகிவிடும். நானே கிளம்பினால் அந்த உத்தரவு இல்லை. அடுத்த வருஷம் வீணாவுக்குக் குடியுரிமை வந்ததும் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள மனு போடுவாள். அப்பீல் செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், டிக்கெட்டும் நாமே எடுக்க வேண்டும். வக்கீல் எந்த உறுதியும் தரவில்லை. கதவைப் பூட்டாமல் வைக்கலாம், அவ்வளவுதான் என்றார்.

யாராவது வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் உன் தம்பியாயிற்றே. ஆசைப்பட்டுப் போகவில்லை, என் மகளிடம் நேர்வழியில் திரும்பி வருவதற்காகப் போகிறேன், அதையும் பதிவு செய்யுங்கள் என்றேன். வக்கீலுக்கு வியர்த்துவிட்டது. நீதிபதி அனுமதி கொடுத்தார்.

உன் இடத்தில் இருந்தால் நானும் எழுதித் தர மாட்டேன். நீ அங்கேயே நிற்க வேண்டியவள். நான் இங்கே திரும்பி வர வேண்டியவன்.

ஜூன் 24 காலையில் பெங்களூரில் இறங்குகிறேன். ஏர்போர்ட்டுக்கு வருவாய் அல்லவா?

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
கிறிஸ்


பொம்மசந்திரா,
24 ஜூன் 2025

கிறிஸ்,

கீழ்வீட்டு தனலக்ஷ்மியிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்து இதைப் படிப்பாய். உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கோபம்தான். அது முழுக்கப் போய்விட்டது என்றும் நினைத்துவிடாதே.

ஆனால் ஏர்போர்ட்டுக்கு வராததற்குக் காரணம் அது இல்லை. இன்று லீவு போட்டால் அதையே சாக்காக வைத்து என்னை எடுத்துவிடுவார்கள். செக்கிங் டேபிளிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றி, நாளெல்லாம் நிற்க வைத்திருக்கிறார்கள். கால் வலி தாங்காமல் நானே போய்விடுவேன் என்று பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பஸ்ஸைத் திரும்ப விட்டுவிட்டார்கள், அது போதும் எனக்கு.

நேற்று தெருமுனைக் கடை சுந்தரமூர்த்தி, உன் தம்பியை அமெரிக்காவிலிருந்து துரத்திவிட்டார்களாமே என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "யாரும் துரத்தல. அவனே வர்றான். பொண்ணுகிட்ட திரும்பிப் போவான்" என்றேன். சொன்ன பிறகுதான், நீ எழுதியதை நானும் நம்புகிறேன் என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுப்பு மேல் மட்டன் குழம்பு இருக்கிறது. சாப்பிட்டுத் தூங்கு. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்து கிடக்காதே. சாயங்காலம் எங்கள் பஸ் சுந்தரமூர்த்தி கடைக்கு எதிரிலேயே நிற்கும். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு அங்கே வந்து நில். பஸ் நிறையப் பெண்கள் இறங்குவார்கள். இவன்தான் என் தம்பி என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லப் போகிறேன்.

அக்கா