வின்ச் கொட்டகைப் போன்

ஏனுங்க,

உங்கள் குரங்குக் குல்லாவைத்தான் இப்போது நான் போட்டுக்கொள்கிறேன். காலையில் பால் வாங்கப் போனபோது நனைந்துவிட்டது. கரியடுப்பின் மேல் காயப்போட்டேன். ஈரக் கம்பளி வாடை வீடு முழுக்கப் பரவியதும், இதே மலையில் குந்தா பவர்ஹவுஸ் குவார்ட்டர்ஸில் நாம் இருந்த அந்த மழைக்காலம் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

அந்த வருஷம் மண் சரிந்து பஸ் ரோடும் மூடிப்போனது, பள்ளத்திலிருக்கும் பவர்ஹவுஸுக்கு ஆட்களை இரும்புக் கயிற்றில் இறக்கி ஏற்றும் வின்ச் வண்டியின் தண்டவாளமும் மூடிப்போனது. வேலைக்கு இறங்கிய நீங்கள் கீழேயே மாட்டிக்கொண்டீர்கள். மேலே ஒற்றை அறையில் நானும், இரண்டு வயது நிரம்பாத பாப்பாவும். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும். மூடினால் கரிப்புகை வெளியே போகாது. கோயமுத்தூர் வெயிலில் வளர்ந்தவளை இப்படிக் கொண்டுவந்து அடைத்துவிட்டீர்களே என்று உங்களைத் திட்டாத நாளில்லை. ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் பாப்பாவோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதே இல்லை என்று பெட்டியில் துணியும் அடுக்கிவிட்டேன்.

அந்த அடைப்புக்குள்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. அதுவரை ஒற்றைச் சொல்லாக உதிர்த்துக்கொண்டிருந்தவள், ஒரு காலையில் ஜன்னலைப் பார்த்து "மழ போ" என்றாள். நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் மடை திறந்துகொண்டது. "பூன காணோம்." "அப்பா கீய." "அம்மா அழுவாத." ஒவ்வொன்றுக்கும் எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு. சொல்லிச் சிரிக்க ஆளில்லாவிட்டால் சந்தோஷமும் நெஞ்சை அடைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வின்ச் கொட்டகையில் கீழே பவர்ஹவுஸோடு பேசுகிற போன் ஒன்று இருந்ததே. நீங்கள் கூப்பிட்டால் வின்ச் ஓட்டும் அண்ணன் ஆள் அனுப்புவார். சாக்கை மடித்துத் தலையில் போட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வழியெல்லாம் வாய் ஓயாதவள், போனைக் காதில் வைத்ததும் ஊமையாகிவிடுவாள். சாப்பிட்டாயா என்று நீங்கள் கேட்பது எனக்கே கேட்கும். அவள் தலையாட்டுவாள். அப்பாவைத் தேடுகிறதா என்பீர்கள். அதற்கும் தலையாட்டல்தான். நீங்கள் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருப்பீர்கள்.

"தலையாட்டறாளுங்க" என்றேன் ஒருநாள்.

அலோ அலோ கத்தல் நின்றது. பிறகு, "நானும் இங்க ஆட்டிட்டுத்தான் இருக்கறேன், அவகிட்டச் சொல்லு" என்றீர்கள்.

பெட்டி விஷயத்தை அன்று சொல்லிவிடுவதாக இருந்தேன். சொல்லவில்லை.

மண்ணை அள்ளி முடித்த அன்று பஸ்ஸும் வந்தது, வின்ச்சும் ஏறியது. பெட்டியும் கையுமாக நான் பஸ்ஸருகே நிற்க, தாடியும் மீசையுமாக நீங்கள் வின்ச்சிலிருந்து வந்து இறங்கினீர்கள். பாப்பா ஒரு கணம் முழித்தாள். பிறகு உங்கள் தோளில் ஏறி, மழை, பூனை, அம்மா அழுதது என்று சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். நீங்கள் பெட்டியைப் பார்த்தீர்கள்.

"போறதுன்னா போய்ட்டு வா. பஸ் கெளம்பற வரைக்கும் இவ பேசட்டும்" என்றீர்கள்.

அவள் நிறுத்தவே இல்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே நின்றோம். பஸ் போய்விட்டது. அதனால் குளிரும் அடைப்பும் குறைந்துவிடவில்லை; கடைசிவரை நானும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் அந்தப் போன் கதையைப் பாப்பாவிடம் சொல்லிச் சொல்லித் தப்பித்துக்கொண்டீர்கள்.

இப்போதும் மழைதான். எமரால்டு ஊருக்குப் போகிற ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. நீங்கள் போன பிறகு, அடைபட்டுக் கிடந்தாலும் திட்ட ஆளில்லை. சென்னையிலிருந்து பாப்பா கூப்பிட்டாள். இங்கே வந்துவிடு என்று வழக்கம்போல ஆரம்பித்தவள், "அப்பாவையே நெனச்சுட்டு உக்காந்திருக்கியாம்மா?" என்றாள். போனைக் காதில் வைத்தபடி தலையாட்டினேன். அலோ அலோ என்றாள்.

"தலையாட்டறயாம்மா?" என்றாள் மெதுவாக.

அதற்கும் தலையாட்டினேன். நீங்களும் அங்கே ஆட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள்.