சிட்டுவின் கல்லில் நீ அழித்த வரி

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம், இன்று காலையும் ஜெபித்தேன், அதில் குறை வைக்கவில்லை. நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மா வழக்கம்போல ஆஸ்பத்திரித் துணி அறைக்குப் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் என்றால் நான் கத்துவேன், அம்மா பிடுங்கிக்கொண்டு, "அவன் வேலையில இருப்பான், விடுங்க" என்று உனக்குப் பரிந்து பேசுவாள், நீயும் தப்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் வைத்துவிடாமல் கடைசி வரை படி.

உன் தங்கை சிட்டு மூன்று வயதில் போய் முப்பத்தோரு வருடம் ஆகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அம்மா கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வாளியும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்துக்கொண்டு போவாள், எழுத்து எழுத்தாகத் தேய்ப்பாள், இது உனக்குத் தெரியாததா. பேர், இரண்டு தேதி, அதற்குக் கீழே "கர்த்தரோடு இருக்கிறாள்". இந்த முறை நான் குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்ட குரல் சரியில்லை, ஓடினேன். பேரைத் தேய்த்து, தேதிகளைத் தேய்த்து, கீழே வந்தால் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. வரி இல்லை. அம்மா என்னைப் பார்த்து, "ஏங்க, நாம வேற கல்லுக்கு வந்துட்டோமா?" என்று கேட்டாள். மேலே பிள்ளையின் பேர் இருக்கும்போதே அப்படிக் கேட்டாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேரே எழுத்து வெட்டுபவரின் பட்டறைக்குப் போனேன். போன வேகத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன், அந்த மனிதர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உங்கள் பையன் சொல்லவில்லையா, அப்பா அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவர்தானே செய்தி அனுப்பினார் என்று குண்டைத் தூக்கிப் போட்டார். பழைய வரியை மிஷினால் தேய்த்துவிட்டு "உயிர்த்தெழும் நாள்வரை நித்திரையில்" என்று வெட்டச் சொல்லியிருக்கிறாய். தேய்த்து முடித்த கையோடு அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார், இடையில் முதல் சனிக்கிழமை வந்துவிட்டது. நீ அனுப்பிய செய்தியைக் காட்டினார். பெற்றோர் பொய்யான ஆறுதலில் இருக்கிறார்கள், சத்தியத்துக்குத் திருத்துகிறேன் என்று எழுதியிருக்கிறாய். திருத்துகிறாயா? உன் தேவன் என்ன, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற வாத்தியாரா? நீ போய்ச் சேர்ந்திருக்கிற கூட்டம் இறந்தவர்கள் ஒன்றும் அறியாமல் தூங்குகிறார்கள் என்று நம்புகிறது, நம்பட்டும். குமாரன் பிதாவுக்குச் சமமில்லை, மூவரும் ஒருவரே என்பதெல்லாம் மனுஷர் கட்டியது என்று போன வருடம் பதினோரு பக்கம் எழுதினாயே, அதற்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். திரியேகம் எனக்கு மட்டும் புரிந்துவிட்டதா, நாற்பது வருடம் சர்ச்சில் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டும் இன்னொருவருக்கு விளக்கத் தெரியாது. ஆனால் யாரிடம் அழுதால் கேட்பார் என்று தெரியும், அது போதும் என்று இருக்கிறேன். நீ விவாதம் செய்திருந்தால் நானும் செய்திருப்பேன். உன் அம்மாவின் கல்லில் கை வைக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பஸ் ஓட்டுகிற உன் மாமாவைப் பார், அம்மாவின் தம்பியை. கர்த்தரின் இரகசிய வருகை முதலில் நடக்கும், விசுவாசிகள் சத்தமில்லாமல் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் ஏழு வருடம் உபத்திரவத்தில் கிடப்பார்கள் என்பது அவர் கட்சி. வருகை ஒன்றே ஒன்று, எல்லோர் கண்ணும் காணும் என்பது என் கட்சி. இருபது வருடமாக ஏட்டிக்குப் போட்டிதான். பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது உம்மை எடுத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற ஐம்பது பேர் கதி என்ன என்று ஒரு நாள் மடக்கினேன், "விசுவாசி இல்லாத எவனாவது பிரேக்கைப் பிடிக்கட்டும் மச்சான்" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தம்ளர் விழுந்தது. அவ்வளவு சண்டை போடுகிற அந்த மனுஷன் என் வீட்டில் ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றியதில்லை. கல் விஷயம் கேட்டதும் யூனிபார்மோடு வந்து அக்காவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வசனமும் சொல்லாமல் எழுந்து போனார். உனக்கு அந்த அடக்கம் எங்கே போயிற்று? நீ அனுப்பிய அந்தக் கால அட்டவணையும் இங்கேதான் இருக்கிறது, மிருகங்களும் அம்புக்குறிகளும் வருடக் கணக்கும் போட்டு, உலக முடிவு இன்ன வருடத்துக்குள் என்று. முப்பத்து நான்கு வருடம் ஸ்டேஷனில் மைக்கைப் பிடித்து வண்டி வரும் நேரம் சொன்னவனுக்கே அட்டவணையா? எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றுதான். முந்தின ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்பட்ட தகவல் வராமல் வாயைத் திறக்காதே. திறந்தால் பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சோடு நிற்கிற ஜனம் முழுக்க உன்னை நம்பி அலைக்கழியும். அவர் புறப்பட்டுவிட்டார் என்று உங்களுக்கு எந்த ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது? தூதர்களுக்கே தெரியாத நேரம் நீங்கள் கூடுகிற வாடகை ஹாலுக்கு மட்டும் தெரிந்துவிட்டதோ?

இப்போது கேள், உன் திருத்தம் என்ன செய்தது என்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இங்கே நல்ல மழை. அம்மாவுக்கு அன்று லீவு, ஜன்னல் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. "புள்ள நனையுமேங்க" என்றாள். எனக்கு முதலில் குட்டியைச் சொல்கிறாளோ என்றுதான் தோன்றியது. பிறகுதான் சிட்டுவைச் சொல்கிறாள் என்று விளங்கியது. முப்பத்தோரு வருடத்தில் எத்தனை மழை பெய்திருக்கும், ஒரு மழைக்கும் உன் அம்மா இப்படிச் சொன்னதில்லை. சிட்டுவை மண்ணுக்குள் வைத்துப் பார்க்கிற கண்ணே அவளுக்குக் கிடையாது. நீ கொடுத்தாய்.

அந்த மழையைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, உனக்கு அது மறந்தே போயிருக்கும். அந்தக் கல்லில் முதலில் பேரும் தேதிகளும் மட்டும்தான் இருந்தன. கல் வைத்த கொஞ்ச நாளில் இதே மாதிரி ஒரு மத்தியான மழை, நான் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உனக்கு ஐந்து வயது. இரண்டு காலிலும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, உன் மஞ்சள் குடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாய். எங்கேடா என்றால், "பாப்பா நனையுறா, குடை குடுத்துட்டு வந்துடுறேன்" என்றாய். வாசற்படியிலேயே உட்கார்ந்து உன்னை மடியில் இழுத்துக்கொண்டு, பாப்பா அங்கே இல்லை, கர்த்தரோடு இருக்கிறாள், அங்கே மழை பெய்யாது என்று சொன்னேன். என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாய். அப்புறம் குடையை மடக்கினாய். மடக்கிவிட்டு, "அப்ப அதை அங்க எழுதி வைங்கப்பா, தெரியாதவங்க குடை எடுத்துட்டு வந்துடுவாங்க" என்றாய். நீ சொல்லித்தான் அடுத்த வாரம் அந்த வரியை வெட்ட வைத்தேன். மிஷின் வைத்துத் தேய்க்கச் சொன்னாயே, அது நீ கேட்டு வாங்கிய வரி. எனக்கு அன்றைக்கும் நிச்சயமாக ஒன்றும் தெரியாது. முப்பத்து நான்கு வருட வேலையில் முந்தின ஸ்டேஷனிலிருந்து தகவல் வராமல் நான் செய்த அறிவிப்பு அது ஒன்றுதான். நீ மறுபடி குடையோடு வாசலில் நின்றால் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

கல்லை யாரும் தொட வேண்டாம் என்று எழுத்து வெட்டுபவரிடம் சொல்லிவிட்டேன். உன் வரியும் வேண்டாம், என் வரியும் வேண்டாம், அந்த இடம் நீ வருகிற வரைக்கும் வெறுமையாகவே இருக்கட்டும். வந்து அம்மாவின் பக்கத்தில் நின்று, பிரஷைக் கையில் வாங்கி, அங்கே என்ன வெட்ட வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல், நீ எதைச் சொன்னாலும் வெட்டச் சொல்கிறேன். குட்டிக்கும் இப்போது மூன்று வயதாகிறது, மழை பெய்யும்போது வெளியே விடாதே, அவளுக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம்முடைய கைக்குள் வைத்துக் காப்பாராக, நீ அவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி. நீ வருகிற தேதியை மட்டும் முன்கூட்டியே தெளிவாக எழுது. உன் வருகைக்காவது தேதி சொல்ல முடியும் அல்லவா. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கோபம் ஆறாமல்,
உன் அப்பா