வெளியேறவும் அனுமதி

செவ்வாய், ஆறாம் சுரங்க நிலையம். பதிவு: மா. பொன்செல்வி. பூமி நேரப்படி.

நாள் 212, 09:10
பணியில் இருவர்: நான், மேற்பார்வையாளர் எட்வின் சார். என் எக்செல் பட்டியல் இன்று நீக்கப்பட்டது. எந்த ஆக்சிஜன் சிலிண்டர், யார் மாற்றினார், எப்போது. அதில் அவ்வளவுதான் இருந்தது. இனிச் சிலிண்டர் அறையைப் புதிய மென்பொருள் கவனிக்கும். பதினான்கு திரைகள். நான் விண்ணப்பிக்க வேண்டும்; சார் கட்டைவிரல் வைத்து அனுமதிக்க வேண்டும். கதவின் கைப்பிடியைக் கழற்றி, துளையைச் சாரே பற்றவைத்து அடைத்தார்.

"எக்செல்லு பெட்டிக்கடைக்குப் போதும் பிள்ள. இது கம்பெனில்லா."

சந்தேகம் உண்டா என்று கேட்டார். ஒன்பதாம் திரையில், வெளியே வரவும் அனுமதி வேண்டும் என்றிருந்தது. விரல் வைக்கும் பலகை வெளிப்பக்கம் மட்டுமே. கேட்க நினைத்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். மேலதிகாரி முன் வாய் திறந்து பழக்கமில்லை.

நாள் 213, 11:42
சிலிண்டர் எடுக்க சார் உள்ளே போனார். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அவர் வெளியேற நான் விண்ணப்பித்தேன். 'மேற்பார்வையாளர் விரலுக்காகக் காத்திருக்கிறது.' உள்ளே மைனஸ் அறுபது. அவர் உடுப்பு நான்கு மணி நேரம் தாங்கும். சிலிண்டர் எல்லாம் உள்ளே; குடியிருப்பில் காற்று தொண்ணூறு மணி நேரத்துக்கு.

12:30
தலைமை அலுவலகம்: "ரிக்வெஸ்ட் போட்டாச்சுல்ல? இங்கேருந்து கதவத் திறக்க முடியாதும்மா, செக்யூரிட்டி. எழுபத்திரண்டு மணி நேரத்துல தானா அடுத்த அதிகாரிக்குப் போயிடும். வெயிட் பண்ணுங்க."

14:05
கதவைத் துளையிட்டுப் பார்த்தேன்; முனை மூன்றும் உடைந்துவிட்டன. ஒலிபெருக்கியில் சார்:

"நீ எல்லாத்தையும் பாப்ப. இதையும் பாத்திருப்ப. ஏன் பிள்ள சொல்லல?"

உடைந்த முனையாலேயே கதவைச் சுரண்டினேன்.

16:20
அவர் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் நின்றுவிட்டது.

நாள் 216, 11:42
விண்ணப்பம் அடுத்த அதிகாரிக்குப் போனது. பெயர்: மா. பொன்செல்வி. அடுத்த அதிகாரி என்ற இடத்தைச் சார்தான் நிரப்பியிருக்கிறார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

விரல் வைத்தேன்.

'விண்ணப்பித்தவரே அனுமதிக்க இயலாது. மறுபரிசீலனை: 72 மணி நேரத்தில்.'

காற்று இன்னும் பதினெட்டு மணி நேரம்.

நாள் 217, 05:15
தலை சுற்றுகிறது. எழுத்து கோணுகிறது. இதைப் படிப்பவர் கதவை வெட்டித்தான் திறக்க வேண்டும். கைப்பிடி சமையல் மேசையில். முதலில் அதை மாட்டுங்கள்.

தலைமை அலுவலகம்: "சிஸ்டம் கரெக்டாத்தான் ஓடுது. வேற சந்தேகம் ஏதும் இருக்காம்மா?"

இருக்கிறது. மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன். குரல் வர