ஜெராக்ஸ் கடை மாடியில் பஞ்சாயத்து

ஜூன் 9, திங்கள்

மழை இந்த வருடம் மே மாதமே வந்துவிட்டது. துணி எதுவும் காய்வதில்லை. கொடியில் என் சுடிதாரும் வேல்ராஜின் பனியனும் ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. இந்த வீட்டில் இப்போது அவ்வளவு நெருக்கமாக இருப்பவை அவை இரண்டும்தான்.

கட்டிய புருஷனைப் பெயர் சொல்லி எழுதுகிறேன். அத்தை பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேல்ராஜ் படித்தது இந்தி மீடியம், தமிழ் படிக்க வராது. நான் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்தது இதற்காவது உதவுகிறதே.

நாங்கள் பேசி இரண்டு மாதம் ஆகிறது. பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாம் என் மாமியார் பேராச்சி வழியாகப் போய் வருகிறது. இன்று மாலை நான், "அத்தை, ராத்திரிக்குச் சோறா சப்பாத்தியான்னு கேளுங்க" என்றேன். வேல்ராஜ் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அத்தை அவர் பக்கம் திரும்பி, "ஏல, சோறு போதும்லா? அவளுக்கு மாவு பெசைய முடியலையாம்" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை.

"சோறே போதும்னு சொல்லும்மா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "உன் சப்பாத்தி அவனுக்குத் தொண்டையில எறங்கலையாம்."

அவரும் அப்படிச் சொல்லவில்லை. மூன்று பேர் காதிலும் எல்லாம் விழுகிறது. ஆனாலும் அத்தை வாயால் வந்தால்தான் செல்லும்.

ஜூன் 12, வியாழன்

எதனால் இப்படி ஆனது என்பதை ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன்.

மாதுங்காவில் நான் வேலை பார்க்கும் பார்சல் கம்பெனி புனேயில் புதிதாக ஒரு கிளை திறக்கிறது. அதை நான் போய் நடத்த வேண்டும் என்று ஏப்ரலில் கேட்டார்கள். அன்று தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தேன். வேல்ராஜ் வீட்டை ஒட்டிய தன் கார்கானாவில், அந்தச் சின்னப் பட்டறையில், தோல்பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார், முழுவதும் கேட்டார், "உன் இஷ்டம்" என்றார். மறுபடி மிஷினை ஓட்டினார்.

போ என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். போகாதே என்றிருந்தால் இன்னும் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். உன் இஷ்டம் என்றால் என்னதான் செய்வது?

ஜூலை கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். இவர் வாயைத் திறக்காவிட்டால் கோபத்திலேயே போய்விடுவேன். கோபத்தில் போனால் திரும்பி வருவேனா? எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஆபீஸில் பக்கத்து மேஜை ஆபிதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "அரே பானு, இதுக்குன்னே டாக்டர் இருக்காங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசுவாங்க. கவுன்சிலிங்" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் இதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. ஊர்ச் சங்கம். ஞாயிற்றுக்கிழமை கோயில் மாடியில் கூடுவார்கள். பெண் தரப்பில் நாலு பெரியவர்கள், மாப்பிள்ளை தரப்பில் நாலு பெரியவர்கள், எல்லாருக்கும் டீ, கடைசியில் தீர்ப்பு. சங்கத் தலைவர் பிரம்மநாயகம், வேல்ராஜின் சொந்தப் பெரியப்பா. அங்கே ஜெயித்து இறங்கி வந்த மருமகளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஜூன் 21, சனி

மாதுங்காவில் ஒரு கவுன்சிலிங் டாக்டரைக் கண்டுபிடித்துப் போனேன். இரண்டாம் மாடி. காத்திருக்கும் அறைக் கதவைத் திறந்தால், சங்கப் பொருளாளர் மாரீஸ்வரன் அண்ணாச்சியின் மனைவி உட்கார்ந்திருக்கிறார்!

இரண்டு பேரும் பேயறைந்த மாதிரிப் பார்த்துக்கொண்டோம்.

"பல்லு வலி" என்றார் அந்த அக்கா.

"எனக்கும்தான்க்கா" என்றேன்.

பல் டாக்டர் முதல் மாடியில்தான் இருக்கிறார். வேறு வழி? இரண்டு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக இறங்கி, அங்கே வரிசையில் உட்கார்ந்தோம். அவர் எழுந்து போவார் என்று நானும், நான் போவேன் என்று அவரும் காத்திருந்ததில் இரண்டு பேர் முறையும் வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

எனக்கு உண்மையிலேயே ஒரு சொத்தைப் பல் இருக்கிறதாம்.

ஜூன் 28, சனி

இனி மாதுங்கா, சயன் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. நம் ஆட்கள் எட்டிப் பார்க்காத இடமாக வேண்டும். அப்படி ஓர் இடம் யுனிவர்சிட்டி பக்கம்தான் என்றாள் ஆபிதா. போனில் ஒரு யுனிவர்சிட்டியின் பெயரைப் போட்டு அதன் அக்கம்பக்கத்தில் தேடினோம். அம்மாடி, எத்தனை பேர்! படித்தவர்கள் வீட்டில் சண்டை அதிகம் போலிருக்கிறது.

ஒருவர் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவாராம். வேல்ராஜுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஆர்டர், டெலிவரி, டேமேஜ். அதை வைத்துக்கொண்டு எங்கள் நிலைமையை ஓரளவு சொல்லலாம்தான், ஆனால் போதாது. இன்னொருவர் போனில் பேசிய மென்மையில் எனக்குக் கொட்டாவி வந்தது. மூன்றாவது ஆள் அக்டோபரில் வரச் சொன்னார். அதுவரை சண்டையை உப்புப் போட்டு வைக்கவா?

கடைசியாக ஒருவர் கிடைத்தார். செம்பூரைத் தாண்டி, யுனிவர்சிட்டி பின்கேட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடி. பெயர் பத்மஜா. அங்கே பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவராம். நான் இந்தியில் தட்டுத் தடுமாறி ஆரம்பித்ததும், "தமிழா? அப்போ தமிழ்லயே சொல்லுங்கோ" என்றார்.

"எங்க தமிழ் வேற மாதிரி இருக்கும் மேடம்."

"சண்டை ஒரே மாதிரிதானே இருக்கும். ரெண்டு பேருமா வாங்கோ."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

இதை வேல்ராஜிடம் சொல்ல வேண்டுமே. நேரடியாகச் சொன்னால் நான் தோற்ற மாதிரி. எனவே வழக்கமான வழியில் அனுப்பினேன்.

"அத்தை, செம்பூர்ல ஒரு படிச்ச அம்மா இருக்காங்க. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல உக்காந்து பேசிச் சரி பண்ணுவாங்க. பத்தொம்பதாம் தேதி வரமுடியுமான்னு கேளுங்க."

அத்தை கொஞ்சம் யோசித்தார். பிறகு மகனைப் பார்த்து, "ஏல, உன்னைய செம்பூருக்குப் பஞ்சாயத்துக்குக் கூப்புடுதா. பொம்பள நாட்டாமையாம்" என்றார்.

வேல்ராஜ் திடுக்கிட்டது தெரிந்தது. கோபம் இல்லை. "வாரேன்னு சொல்லு" என்றார்.

பஞ்சாயத்து இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வருகிறேன் என்றாரே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

அத்தை அம்மன் கோயில் ஆடிக் கொடைக்கு ஊருக்குப் போய்விட்டார். ரயில் ஏறும்போது எங்கள் இருவரையும் பார்த்து, "நான் வாரவரைக்கும் என்னட்டி செய்வீங்க?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் வேல்ராஜ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, "நீலச் சட்டை எங்க கெடக்கு?" என்று கேட்டார். காலண்டரில் முருகன் பேசாமல் இருந்தார். நான் குக்கரைப் பார்த்து, "கட்டிலுக்கு அடியில" என்றேன்.

ஜூலை 17, வியாழன்

குடி முழுகிவிட்டது. காய்கறிக் கடையில் கேள்விப்பட்டேன்: சனிக்கிழமைக்காகப் பிரம்மநாயகம் பெரியப்பா வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுத்திருக்கிறாராம்!

வேல்ராஜ் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஏன் கூப்பிட மாட்டார்? எங்கள் ஆட்களில் பஞ்சாயத்துக்கு யாரும் தனியாகப் போக மாட்டார்கள். போனால் இவனுக்குக் கேட்க நாதியில்லை என்று ஆகிவிடும். தப்பு என்னுடையதுதான், ஆனால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சீத்தா கேம்ப்பில் இருக்கும் என் சித்தப்பா சுயம்புவுக்குப் போன் போட்டேன்.

எனக்கும் ஆள் உண்டு.

ஜூலை 19, சனி

எழுதக் கை பரபரக்கிறது.

அந்தக் குறுகலான மாடிப்படியில் மாப்பிள்ளை தரப்பில் பெரியப்பாவும் மாரீஸ்வரன் அண்ணாச்சியும் ஏறினார்கள். பின்னாலேயே என் தரப்பில் சித்தப்பாவும் சித்தியும். ஜெராக்ஸ் எடுக்க நின்ற பிள்ளைகள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். வேல்ராஜ் கையில் தாம்பாளம்: வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

பத்மஜா மேடம் கதவைத் திறந்தார். நரைத்த கிராப்புத் தலை, கதர் குர்தா. எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன, நிச்சயதார்த்தமா?" என்றார்.

"ஒரு மரியாதைக்குங்க" என்றார் வேல்ராஜ்.

மேடம் சீப்பிலிருந்து ஒரு பழத்தை மட்டும் பிய்த்துக்கொண்டார். "எனக்கு இது போதும். அவா ரெண்டு பேர் மட்டும் உள்ளே வரட்டும். மத்தவா இங்கே உக்காருங்கோ."

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்க இல்லாம எப்படிம்மா தீர்ப்பு சொல்லுவீங்க?"

"நான் தீர்ப்பு சொல்றதே இல்லையே."

"தீர்ப்பு இல்லாத பஞ்சாயத்தா!" என்று பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவும் அநியாயம் என்பது போலத் தலையாட்டினார்.

உள்ளே மூன்று நாற்காலிகள். நான் பழக்க தோஷத்தில், "மேடம், அவங்ககிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நான் சொல்ல மாட்டேன். அந்த உத்யோகம் எனக்கு வேண்டாம். அவரைப் பாத்து நீங்களே சொல்லுங்கோ."

இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். வெளியே நடப்பது நன்றாகக் கேட்டது.

"ஆபீஸ்ல ஒரு நாற்காலி குடுத்துட்டா, பொம்பளைக்கு வீட்டு நெனப்பு எங்க இருக்கும்?" என்றார் பெரியப்பா.

"உங்க பையன் வாயில என்ன கொழுக்கட்டையா? பொண்டாட்டிட்ட பேச ஆள் வைக்கணுமோ?" இது சித்தப்பா.

வேல்ராஜ் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். "பெரியப்பா பேசுனது தப்பு."

என்னிடம்! நேராக!

"எங்க சித்தப்பா சொன்னதும் தப்புதான்" என்றேன். "கொழுக்கட்டைன்னது."

"இல்ல, அது சரியாத்தான் சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவருக்கும். மேடம் பாட்டுக்கு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்து முடித்ததும், நான் போனில் சொல்லியிருந்ததை வைத்து வேல்ராஜைப் பார்த்து, "உன் இஷ்டம்னு சொன்னேளாமே, அப்போ மனசுல என்ன இருந்தது?" என்றார்.

அவர் நாற்காலிக் கையின் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் போகாதேன்னா நீ போகமாட்ட. ஆனா அதுக்கப்புறம் ஆயுசுக்கும் பூனா நம்ம வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கும். போன்னு சொல்லவும் வாய் வரல. நீ இல்லாத வீட்ல எனக்கு என்ன சோலி?"

அழுதேன். கோபத்தில் அழுகிறேன் என்று அங்கே சொன்னேன். இங்கே பொய் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்தபோது இரண்டு தரப்பும் ராசியாகி டீ குடித்துக்கொண்டிருந்தன. அதற்குள் தீர்ப்பே தயாராக இருந்தது. பெரியப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "எல்லாரும் பேசி முடிச்சாச்சு. பூனா வேண்டாம். வேல்ராஜ் இனிமே வீட்ல பேசணும். இதோட முடிஞ்சுது."

பெரியப்பா முடிஞ்சுது என்றால் அதன்மேல் யாரும் பேசுவதில்லை. வேல்ராஜ் அவர் எதிரில் உட்காரக்கூட மாட்டார். அந்த வேல்ராஜ் "அவ போகட்டும் பெரியப்பா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் போயிட்டு வாரேன்" என்றார்.

நான் அப்போது நெகிழ்ந்து போயிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"நான் போறேன்னு எப்பச் சொன்னேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ எங்கம்மாட்டல்லா பதில் சொல்லுவ!"

பிடித்தது சண்டை. பின்கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை, கொட்டும் மழையில், ஒரே குடைக்குள், தொண்டை கிழியக் கத்தினோம். மூன்று மாதத்துப் பாக்கி எல்லாம் வந்தது. பின்னால் சித்தப்பா, "பிரச்சினை தீந்துச்சா, இல்லியா?" என்று கேட்பதும், "இப்பத்தானய்யா ஆரம்பிக்கி" என்று பெரியப்பா சொல்வதும் கேட்டது.

ஜூலை 20, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. இரண்டு பேருக்கும்.

ஜூலை 26, சனி

இந்தத் தடவை நாங்கள் இருவர் மட்டும் போனோம். தாம்பாளம் இல்லை. பழம் மட்டும் கொண்டுபோனோம்.

திரும்பி வரும் வழியில் வேல்ராஜ் ஒரு ரகசியம் சொன்னார். மாரீஸ்வரன் அண்ணாச்சி நேற்று கார்கானாவுக்கு வந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பத்மஜா மேடத்தின் நம்பரைக் கேட்டாராம். யாரோ நண்பருக்காம். நான் அந்த அக்காவின் பல் வலியை நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

ஜூலை 31, வியாழன்

புனே போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன்.

காலையில் கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை வேல்ராஜிடம் கேட்டேன். "உன்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார்.

"எனக்கு இஷ்டமில்ல" என்றார். "ஆனா நீ போ."

ஏப்ரலிலிருந்து இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அத்தை ஊரிலிருந்து வந்தார். பையை இறக்கி வைக்கும் முன்னே, "அவன்ட்ட ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார். வேல்ராஜ் உள்ளிருந்து, "பானு, அம்மாவுக்கு டீ போடு" என்று குரல் கொடுத்தார். "நீங்க போடுங்க, எனக்குக் கை ஈரம்" என்றேன் நான்.

அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தோஷம்தான். ஆனாலும் வேலை போன ஆள் மாதிரி முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. சாயங்காலம் அவர் பக்கத்தில் போய், "அத்தை, இஞ்சி வாங்கிட்டு வரணும்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன்.

அத்தை உற்சாகமாகத் திரும்பினார். "ஏல! வீட்ல ஒரு துண்டு இஞ்சிகூட வாங்கிப்போட வக்கில்லையாங்கா!"

செப்டம்பர் 6, சனி

புனேயில் முதல் சனிக்கிழமை. ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். இங்கே கொடியில் என் துணி மட்டும் தொங்குகிறது. நாலு நாளாக அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மத்தியானம் வேல்ராஜ் வந்தார். தோளில் அவரே தைத்த பை, கையில் அத்தை கொடுத்த தூக்குச் சட்டி. நனைந்த சட்டையைக் கழற்றி, கேட்காமலேயே என் சுடிதார் பக்கத்தில் போட்டார். கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா உன்ட்ட சொல்லச் சொன்னது ரெண்டு இருக்கு. நான் சொல்ல வந்தது ஒண்ணு. எது முதல்ல?" என்றார்.

"நீங்க சொல்ல வந்தது."

சுவரைப் பார்த்தார். இங்கே காலண்டர்கூட இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல சண்டை போட ஆளில்லட்டி" என்றார்.

மணி ஆறாகிறது. அத்தை சொல்லி அனுப்பிய இரண்டையும் நான் இன்னும் கேட்கவில்லை.