அக்கா, என் மணிக்கட்டிலும் ஒரு கட்டி

நான் கண்ணால் பார்க்காத என் அக்காவுக்கு,

நீ வாழ்ந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. உன் மகளுக்குத் தலை வாரிவிட்டு, மாலை போட்ட உன் படத்தைத் தினமும் துடைக்கிறேன். வயிற்றெரிச்சலோடுதான் துடைக்கிறேன். செத்தவளிடம் பொய் எதற்கு?

அத்தை வாயைத் திறந்தால் நீதான். போன மாதம் என் வலது மணிக்கட்டில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்தது. பால் கறக்க உட்கார்ந்தால் முழங்கை வரை வலி. அதிலும் நீ முந்திக்கொண்டாய்.

“அவளுக்கும் அதே எடத்துல வந்துச்சு. எம்புள்ள சொம்பால ஒரே போடு, போன எடம் தெரியல” என்றார் அத்தை.

உன் கையை மடியில் வைத்து நம் வீட்டுக்காரர் வைத்தியம் பார்த்ததை நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அதே பித்தளைச் சொம்போடு போய் அவர் முன்னால் கையை நீட்டினேன். “எனக்கும் அடிங்க.”

அவர் முகம் செத்துவிட்டது. “வேணாம். கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்.”

உனக்குச் செய்ததை எனக்குச் செய்ய மனசில்லையா?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடக்கிறது அக்கா. கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் இல்லை. ரோடெல்லாம் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிக்கு சைக்கிளில்தான் போனோம். மரம் கிடந்த இடமெல்லாம் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, திரும்பி வந்து என் இடது கையைப் பிடித்துத் தாண்டவைத்தார்.

“வலி இல்லன்னா அப்படியே விட்டுடலாம்மா, சிலருக்குத் தானா போயிடும். உனக்கு வலிக்குது. ஊசி போட்டு உள்ள இருக்கறத எடுக்கலாம், ஆனா திரும்ப வரலாம். அப்படி வந்தா ஆபரேஷன். அதுக்கப்புறமும் சில பேருக்கு வரும். அடிக்க மட்டும் கூடாது” என்றார் டாக்டரம்மா.

ஊசி போதும் என்றேன். பசை மாதிரி வந்தது. கட்டுப் போட்டு, கொஞ்ச நாள் பால் கறக்கக் கூடாது என்று அனுப்பினார்.

திரும்பும்போது சாய்ந்த மரம் ஒன்றில் உட்கார்ந்துதான் அவர் சொன்னார்.

“கட்டி போச்சுன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன். அவளுக்கு எலும்புல கீறல் வுட்டுப்போச்சு. கடைசி வரைக்கும் எடது கையாலதான் கறந்தா. நீங்க அடிச்சதாலன்னு யாருக்கும் தெரிய வேணாம்னு சொல்லிட்டா.”

பொறாமை போயிற்றா என்று கேட்காதே. ஜாஸ்தியாகிவிட்டது. அவர் என் கையை அவ்வளவு பதமாகப் பிடித்தாரே, அதுவும் உன்னால் வந்ததுதான். எனக்கென்று இந்த வீட்டில் என்னதான் இருக்கிறது, சொல்?

இன்று உன் படத்தை இடது கையால் துடைத்தேன். எவ்வளவு சிரமம் அக்கா!

உன் மகள் கையில் எது வந்தாலும், அதன்மேல் யாரும் எதையும் ஓங்க விடமாட்டேன். வலித்தால் வாயைத் திறந்து சொல்லவும் அவளுக்குச் சொல்லித்தருவேன்.

உன் மகளுக்குச் சின்னம்மா,
உனக்குத் தங்கச்சி.