மூன்றாவது விளக்கு

உன் அம்மா கொடுத்த அட்டை மேசையில் கிடக்கிறது. இரண்டு சாம்பல் நிற பனியன் துணித் துண்டுகளை ஒட்டினாற்போல வைத்து ஸ்டேப்ளர் அடித்திருக்கிறாய். மேலே உன் கோணல் எழுத்தில் என் பெயர். "உன்ற பேரெழுதி லேப் டிராயர்ல வெச்சிருந்தானாம் கண்ணு" என்று நேற்று மண்ணரையில் உங்கள் வீட்டு வாசலில் நின்று கொடுத்தார். நீ போய் நாற்பது நாள். என் ஆராய்ச்சிக் கட்டுரை இன்று மாலை ஐந்துக்குள் ஆய்விதழுக்குப் போக வேண்டும். மணி மூன்று இருபது.

துண்டுகள் எதற்கென்று எனக்குத் தெரியும்.

எம்.எஸ்ஸி. முடித்து நீ சாயப்பட்டறை லேபுக்குப் போனாய், நான் ஆராய்ச்சிக்கு. விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் குளிர்ந்த வாயுவில் நைட்ரஜன் எந்தெந்த மூலக்கூறுகளில் இருக்கிறது என்று தேடும் வேலை. நைட்ரஜன் தனியாக இருந்தால் ரேடியோ தொலைநோக்கிக்குச் சிக்காது. அம்மோனியா, சயனைடு என்று வேறு அணுக்களோடு சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றும் தனக்கே உரிய அதிர்வெண்களில் நிறமாலையில் கோடு காட்டும். யாரும் இதுவரை பார்க்காத ஒரு சயனைடு கிடைத்துவிட்டதென்று காதர்பேட்டை டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். நீ வடையைக் கடித்தாய்.

"எத்தனை கோடு மாப்ள வரோணும்?"

"மூணு. ஒண்ணு பளிச்சுனு இருக்குது. ரெண்டாவது வேற எதோடயோ கலந்துருக்குது."

"மூணாவது?"

"சிக்னல் இரைச்சல்ல முங்கிருச்சு."

"நாங்க ஒரு ஷேடை மூணு லைட்டுல பாத்துத்தான் ஓகே பண்ணுவோம். ஒத்த லைட்டுல பாத்து அனுப்புனா துணி வாங்கற பையர் மூஞ்சில வீசுவான். நீ மூணாவது லைட்டையே அணைச்சுப்போட்டு வந்திருக்கறயே."

"சாயம் கலக்கறவன் எனக்கு வானத்தப் பத்திச் சொல்லாத."

"சரிங்க சார்" என்று சிரித்தாய். நான் எழுந்து போய்விட்டேன். சரியாக ஒரு வாரத்தில் பல்லடம் ரோட்டில் அந்த லாரி.

இப்போது அட்டையை டியூப்லைட்டில் பார்த்தேன். இரண்டும் ஒரே சாம்பல். ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். வெயிலில் ஒன்று பச்சையடித்தது.

அன்று உன்னிடம் பொய் சொன்னேன். மூன்றாவது கோடு இரைச்சலில் முங்கவில்லை. அந்த இடத்தில் இரைச்சல் குறைவுதான். கோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கோடுகளின் படத்தை அந்த இடம் வருமுன்பே வெட்டிவிட்டேன்.

நாலு மணிக்கு வழிகாட்டிப் பேராசிரியர் அழைத்தார். "இன்னொரு குழுவும் இதைத்தான் தேடுது. இன்னும் அனுப்பலையா?"

"மூணாவது கோடு இல்லைங்க சார்."

"இரைச்சல்னு சொன்னீங்களே?"

"இல்லைங்க. கோடுதான் இல்லை. இது அந்த மூலக்கூறு இல்லைங்க."

அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு வருட வேலை. வெட்டாத படத்தை அவருக்கு அனுப்பினேன்.

அட்டையின் பின்பக்கத்தை அப்புறம்தான் பார்த்தேன். வழக்கம்போல லேப் தேதி போட்டிருக்கிறாய். சண்டைக்கு மறுநாள். கட்டுரையை நிறுத்த எனக்கு ஐந்து மணி வரை நேரம் இருந்தது, நிறுத்திவிட்டேன். உன்னைச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் நீ எனக்காக இரண்டு துண்டுத் துணி தேடி அடித்து வைத்தாய். நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை.