நாற்பது கெஜக் கோட்டில் உன் இடம்

வெஸ்ட்பி குரோவ், அயோவா
செப்டம்பர் 14, 2025

அன்பு மகள் மாரிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நியூசிலாந்தில் சுகமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் கேட்டுக்கொள்கிறேன், கேட்டது கிடைத்ததா என்று நீதான் எழுத வேண்டும். இங்கே மக்காச்சோளம் காய்ந்து சலசலக்க ஆரம்பித்துவிட்டது, அங்கே இப்போதுதான் வசந்தம் தொடங்குகிறதாமே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் அங்கே மழையா என்பேன், நீ ஆமாம்ப்பா என்பாய், அங்கே குளிரா என்று நீ கேட்பாய், இன்னும் இல்லை என்பேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருவரும் வைத்துவிடுவோம். நாற்பது வருஷமாக நாம் வானிலை மட்டும்தான் பேசியிருக்கிறோம் மாரிட். இந்தக் கடிதத்தில் இதற்கு மேல் வானிலை கிடையாது, அதனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் வீட்டு விஷயம். கூரைக்கு ஓடு மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டு டுவேன் வியாழக்கிழமை தோறும் அவன் மனைவி இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ் ஒரு பாத்திரம் கொண்டுவந்து வைக்கிறான், ஆறு பேர் சாப்பிடும் அளவு, நான் ஒருவன் செவ்வாய் வரை அதையே சூடு பண்ணிச் சாப்பிடுகிறேன். சாப்பாட்டு மேஜையில் உன் நாற்காலிமேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருக்கிறேன், காலியாகத் தெரியக் கூடாது என்று. வீட்டில் ஏதாவது சத்தம் கேட்க வேண்டுமென்று தாளம் தட்டும் அந்த மெட்ரோனோமை ஓடவிடுகிறேன், நிமிஷத்துக்கு நூற்றிருபது தட்டு, அதுவும் நானுமாகக் காப்பி குடிக்கிறோம். வாசலிலிருந்து தபால் பெட்டிக்கு அறுபத்து நான்கு காலடி, எட்டு எட்டாக எட்டு முறை, பேண்டு மாஸ்டர் பழக்கம் விடவில்லை, இன்னும் இடது காலைத்தான் முதலில் எடுத்து வைக்கிறேன். டுவேன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், பின்னாடி பேண்டு வருதா? என் கண்ணுக்குத்தான் தெரியலையா?" என்றான். "வருதுடா, நீதான் வழியில நிக்கிற, தள்ளு" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். பெட்டியைத் திறந்தால் விதைக் கம்பெனி விளம்பரம் மட்டும் இருந்தது. திரும்பி வரும்போது எண்ணவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியம் வாசித்தபடி மைதானத்தில் அணிவகுக்கும் நம் பள்ளி பேண்டுகளின் தேசியச் சங்கத்துக்கு இந்த நவம்பரில் ஐம்பது வயது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். ஆரம்பித்த ஆறு பேரில் உயிரோடு மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் சங்க அலுவலகத்திலிருந்து டெஸ்ஸா என்ற பெண் ஜூலை முழுக்க வந்து போனாள். ஒரு பெட்டி நிறைய பழைய காகிதம், ஒரு கணினி, வாய் ஓயாத கேள்வி. நானும் சளைக்காமல் சொன்னேன். அந்தக் காலத்தில் ஒரு ஊர்ச் சந்தைப் போட்டியில் பூட்ஸ் பளபளப்புக்கு மதிப்பெண் போடுவார்கள், அடுத்த ஊரில் கோல் சுழற்றும் பெண்ணின் சிரிப்புக்குப் போடுவார்கள், பிள்ளைகள் வாசித்ததை யாரும் காதில் வாங்கியதில்லை. அதனால்தான் 1975இல் நம் தேவாலயத்துக் கீழ் அறையில் ஆறு பேண்டு மாஸ்டர்கள், யாரோ ஒருவர் அடக்கத்துக்குச் செய்து மீந்த ஹாம் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே நாற்பத்தொரு விதிகள் எழுதினோம். முதல் வருஷப் போட்டிக்குப் பதினொரு பேண்டுகள்தான், ஒரு பள்ளியின் டிரம்கள் மாடு ஏற்றும் லாரியில் வந்தன, நாற்றம் பொறுக்காமல் நடுவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். பிறகு கோடை முகாம், ஏழைப் பள்ளிகளுக்கு வாத்தியம் இரவல், எந்த ஊரில் இசை வகுப்பை மூடினாலும் அங்கே போய் வாதாடுவது என்று வளர்ந்து, இன்று ஆயிரத்துக்கு மேல் பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

பதினான்காம் விதி நான் எழுதியது. ஒவ்வொரு பேண்டும் முன்கூட்டியே வரைபடம் கொடுக்க வேண்டும், பிள்ளைக்கு ஒரு புள்ளி, மைதானத்தில் எந்தப் புள்ளி காலியாக இருந்தாலும் ஒரு மதிப்பெண் போகும். சரியாக வாசிக்காத பிள்ளைகளைச் சில மாஸ்டர்கள் போட்டியன்று வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள், அதைத் தடுக்கத்தான் அந்த விதி. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அதே விதி 1983 அக்டோபரில் நம் வீட்டுக்குள் வந்தது. புதன்கிழமை உன் அம்மா லெனோரை அடக்கம் செய்தோம், சனிக்கிழமை தேசியப் போட்டி. உனக்குப் பதினாறு வயது, என் பேண்டில் கிளாரினெட், மைதானத்தின் நாற்பது கெஜக் கோட்டில் உன் புள்ளி. வெள்ளிக்கிழமை காலை நான் உன்னிடம், "நீ வரலைன்னா நாற்பது கெஜத்துல ஓட்டை விழும்மா" என்றேன். நீ எழுந்து போய்ச் சீருடைக்கு இஸ்திரி போட்டாய். அரை மதிப்பெண்ணில் முதலிடம் வந்தோம். அதன் பிறகு எத்தனை விருந்தில், எத்தனை மேடையில், "அந்த அரை மதிப்பெண் என் பொண்ணு" என்று சொல்லியிருப்பேன், எண்ணிக்கையே இல்லை. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். டெஸ்ஸாவிடமும் சொன்னேன், அவள் அதைத்தான் புத்தகத்தின் முதல் அத்தியாயமாக வைத்தாள்.

போன மாதம் அவள் அந்தப் போட்டியின் பழைய படச்சுருளைத் தேடிப் பிடித்துக் கணினியில் போட்டுக் காட்டினாள். நான் அதை அதுவரை பார்த்ததே இல்லை மாரிட். நாற்பது கெஜக் கோட்டில், நாலாவது வரிசையில் நீ நிற்கிறாய். கிளாரினெட் உதட்டில் இருக்கிறது, விரல் ஒன்றுகூட அசையவில்லை. ஆட்டம் முழுக்க ஒரு சுரம்கூட நீ வாசிக்கவில்லை, கால் மட்டும் நடக்கிறது. கடைசியில் டிரம் அடித்து எல்லோரும் இடது காலெடுத்து வெளியே போகிறார்கள், நீ மட்டும் அங்கேயே நிற்கிறாய். நான் எங்கே என்று பார்த்தேன். மேடையில் நடுவர்கள் பக்கம் திரும்பி சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிறேன், முதுகு உன் பக்கம். ஓரத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்து தன் மேல்கோட்டை உன்மேல் போட்டு உன்னை அணைத்துக் கூட்டிப் போகிறாள். ஓப்பல் ரென்ஃப்ரோ, எங்கள் ஆறு பேரில் ஒரே பெண், அன்று தோற்ற பேண்டின் மாஸ்டர். நான் அப்போதும் திரும்பவில்லை. "நிறுத்தட்டுமா சார்?" என்று டெஸ்ஸா கேட்டாள். இன்னொரு தடவை போடு என்றேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது நாடு முழுக்க ஒரு வழக்கம் இருக்கிறது, நம் ஊர்ப் பிள்ளைகள்கூடப் போன வெள்ளிக்கிழமை செய்தார்கள். ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தாலோ வீட்டில் துக்கம் என்றாலோ அந்த இடத்தை யாரையும் வைத்து நிரப்புவதில்லை, அவன் நடப்பதாகவே வைத்துச் சுற்றியிருப்பவர்கள் நடக்கிறார்கள். அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இது எப்போது வந்தது என்று டெஸ்ஸாவிடம் கேட்டேன். பெட்டியைக் கிளறி 1984 மார்ச் கூட்டக் குறிப்பை எடுத்தாள். திருத்தம் கொண்டுவந்தவர் ஓப்பல். ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஒன்று. எதிர்த்தவர் வெர்லின் ஆஸ்கார்ட், அதாவது உன் அப்பா. நான் பேசியதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: "என் பொண்ணு வந்து நின்னாளே. மத்தவங்களுக்கு என்ன?" ஓப்பல் ஏன் அதைக் கொண்டுவந்தாள் என்று அன்றும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், நன்றி சொல்லவும் ஆளில்லை.

நீ பதினெட்டு வயதில் கிளம்பி உலகத்தின் அந்தக் கோடிக்குப் போனபோது ஊரில் எல்லோரும் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். அவளுக்கு ஊர் சுற்ற ஆசை என்று சொல்லி வைத்தேன். எனக்குத் தெரியும் மாரிட், தெரியாதது மாதிரி இருந்தேன். அழ வேண்டிய பிள்ளையைக் கொண்டுபோய்ப் புள்ளியில் நிறுத்தினேன், அதைப் பெருமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு எண்பத்தேழு வயதாக வேண்டியிருந்தது.

முதல் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். டெஸ்ஸா, "சார், எல்லாருக்கும் பிடிச்ச கதை சார் அது" என்றாள். "எனக்கும்தான் பிடிச்சுது, அதுதான் தப்பு" என்றேன். பதினான்காம் விதியை எழுதியதும் நான், அதைத் திருத்தியபோது எதிர்த்ததும் நான், திருத்தம் எதனால் வந்தது என்று என் கண்ணால் படத்தில் பார்த்தேன் என்றும் நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் பெயர் போடவில்லை. உனக்குச் சம்மதம் என்றால் போடுகிறேன், இல்லையென்றால் ஒரு மாணவி என்றே இருக்கட்டும். நகலை இதோடு வைத்திருக்கிறேன். எந்த வரியை வேண்டுமானாலும் அடி, இந்த முறை நீ சொல்வதுதான் விதி.

நவம்பர் 15 அன்று, ஐம்பதாம் ஆண்டு விழாவில், கூரை போட்ட பெரிய மைதானத்தில் அந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திரும்ப நிற்க வைக்கிறார்கள், பாதிப் பேருக்கு முடியில்லை, மீதிப் பேருக்குச் சீருடை பொத்தான் போட வரவில்லை. வா என்று நான் கூப்பிடவில்லை, ஒரு தடவை கூப்பிட்டது போதும். 1983 வரைபடத்தை வைத்துத்தான் அடுக்குகிறார்கள், நாலாவது வரிசையில் நாற்பது கெஜத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். நீ வந்தால் அது உன் இடம். வராவிட்டால் காலியாகவே இருக்கட்டும், யாரும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். என்னை மேடையில் நின்று சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், அந்த இடத்தைப் பார்த்து.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ ஆண்டவர் துணையிருக்கட்டும். முதுகுவலிக்கு மருத்துவரைப் பார்ப்பதாக வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தாயே, பார்த்துவிடு. நாளைக் காலை உன் நாற்காலியிலிருந்து செய்தித்தாள்களை எடுத்துவிடப் போகிறேன்.

உன் அப்பா,
வெர்லின்